பூஜையில் இடம் பெறாத அரம்

என் கணவரின் தம்பி வைத்தியநாதன் அவர்கள் ஹௌராவில் காய்ச்சலில் காலமாகிவிட்டார். அவரோடு பட்டறையில் வேலை பார்த்த வங்காளிப் பெரியவர் ஒருவர் பவானிபூரில் எங்கள் வீட்டுக்கு வந்து செய்தி சொன்னார். நான் அதிகம் படித்தவள் இல்லை. எனக்குத் தெரிந்த வைத்தியைப் பற்றி எழுதுகிறேன்.

கல்கத்தா வந்த புதிதில் அவருக்கு என் கணவர் தம் ஆபீசிலேயே குமாஸ்தா வேலை வாங்கிக் கொடுத்தார். வைத்தி அதை விட்டுவிட்டு, இன்ஜினீயர் ஆக வேண்டும் என்று இரும்புப் பட்டறையில் பயிற்சிக்குச் சேர்ந்தார்.

"இன்ஜினீயர்னா தொப்பி போட்டுண்டு நிப்பான். நீ மிஸ்திரியான்னா போயிருக்கே" என்று என் கணவர் கேலி செய்வார்.

வைத்தி கோபித்துக்கொள்ள மாட்டார். "முதல்ல அரத்தால ராவி இரும்பைச் சமமாக்கணும் மன்னி. அது கைக்கு வந்தாத்தான் மெஷின்கிட்ட விடுவா. சாயங்காலம் கிளாஸ்ல கணக்கு, படம் போடறது எல்லாம் இருக்கு. தொப்பி அப்புறந்தான்" என்பார்.

அந்த வருஷம் சரஸ்வதி பூஜைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவர், தம் அரத்தைத் துடைத்துக் குங்குமம் இட்டு, புத்தகங்களின் பக்கத்தில் வைத்தார். "இதுதான் மன்னி என்னோட முதல் பாடம்" என்றார். கருவிகளை வைப்பது உலக வழக்கந்தான். குமாஸ்தா வீடான எங்கள் வீட்டில் வழக்கமில்லை.

"என்ன இது, இரும்புக் கடையா? எடு அதை" என்றார் என் கணவர். நான் எடுத்துக் கொண்டுபோய்க் கொல்லையில் கரிக்கூடைப் பக்கம் வைத்துவிட்டுக் கையையும் கழுவினேன். வைத்தி பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "பரவாயில்லை மன்னி" என்றார். பிறகு எந்தப் பூஜைக்கும் அவர் வீட்டுக்கு வரவில்லை. இன்ஜினீயர் ஆனபோதும் நாங்கள் போய்ப் பார்க்கவில்லை.

இப்போது துக்கம் கேட்க வருகிறவர்களிடம், "என் தம்பி இன்ஜினீயர்" என்கிறார் என் கணவர். உள்ளே எனக்குத் தலை நிமிரவில்லை.

செய்தி கொண்டுவந்த பெரியவர் புறப்படும்போது, "பௌதி" என்று என்னைக் கூப்பிட்டார். அண்ணியை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள். "பட்டறை விஸ்வகர்மா பூஜைக்கு வருஷா வருஷம் தேங்காய் போட்டுக் கடலை கொடுத்தனுப்புவீர்களே, அதை நாங்கள் மறக்க மாட்டோம். என் மன்னி செய்தது என்று சொல்லிச் சொல்லிக் கொடுப்பார்" என்றார் வங்காளத்தில்.

நான் ஒரு வருஷம்கூடச் சுண்டல் அனுப்பியதில்லை. வைத்தியே வேகவைத்துக் கொண்டுபோயிருக்க வேண்டும். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

போய் வாருங்கள், வைத்தி. எனக்காக நீங்கள் சம்பாதித்து வைத்த நல்ல பேரை, வேண்டாமென்று சொல்லாமல் வாங்கிக்கொண்டுவிட்டேன்.