ஷமீம் அக்கா வைத்த புள்ளி

போன வாரம் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் பிரியாணி வாசனைதான் பிடித்து இழுத்தது. தலையைத் தூக்கினால் புதுக் கடை, புதுப் பலகை: ‘கோட்டை பிரியாணி சென்டர்’. அந்த எழுத்தைப் பார்த்ததும் எனக்குப் பசி போய்விட்டது. பலகையை யார் வரைந்தது என்று கல்லாவில் இருந்தவரிடம் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னாத்துக்குக் கேக்கறீங்க? எந்த ஆபீஸ்லேர்ந்து வர்றீங்க?”

சந்தேகப்படுவதற்கு எங்கள் ஊரில் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. நானும் இந்த ஊர்க்காரன்தான். அவருடைய மச்சான் யாரிடமோ போனிலேயே சொல்லிச் செய்து வாங்கினாராம். நான் நம்பவில்லை. ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு வெளியே வந்து பலகையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த எழுத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சில ஆங்கில நாளிதழ்களின் தலைப்பில் இருக்குமே, கறுப்பாக, பட்டையாக, வளைவுகளையெல்லாம் ஒடித்து ஒடித்துப் போட்டாற்போல. பிளாக்லெட்டர் என்று பெயர். அது எனக்கு ரொம்பக் காலம் கழித்துத்தான் தெரியும். கோதண்டம் அண்ணன் கடையில் நாங்கள் அதைக் கோட்டை எழுத்து என்போம். கல்யாணப் பத்திரிகை, பைக் ஸ்டிக்கர் எல்லாம் கம்ப்யூட்டரில் செய்து கொடுக்கிற கடை. எனக்கு அதுதான் முதல் வேலை. வல்லத்து மாப்பிள்ளை ஒருவர் தன் பைக்கில் இருந்த ஆங்கில ஸ்டிக்கரைக் காட்டி, பத்திரிகையில் பெண் பெயரும் தன் பெயரும் தமிழில் இதே மாதிரி வேண்டும் என்று அடம்பிடித்தார். எங்களிடம் அப்படி ஒன்றும் இல்லை. எங்கள் டிசைனர் ஷமீம் அக்கா தான் செய்து தருவதாகச் சொன்னார்.

ஐஸ் குச்சியைப் பட்டையாகச் சீவி, மையில் தோய்த்து வரைந்து கொண்டுவருவார். அதை ஸ்கேன் செய்து ஓரம் திருத்துவோம். முழு நெடுங்கணக்கையும் அவர் ஒருநாளும் உட்கார்ந்து வரைந்ததில்லை. யார் பெயர் வருகிறதோ அந்தப் பெயருக்கு வேண்டிய எழுத்து மட்டும்தான். ‘ழ’ பனமலை தமிழழகியின் கல்யாணத்துக்காகப் பிறந்தது. ‘ஔ’ பிறக்கவே இல்லை, அந்த எழுத்தில் எங்கள் பக்கம் யாரும் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளியை மட்டும் வட்டமாக வைக்கமாட்டார். குச்சியை ஓர் அழுத்து அழுத்தி எடுப்பார், வைரம் போலச் சாய்சதுரமாக, ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்து விழும்.

ஒரு மதியம் கரண்ட் போயிருந்தது. பின்னறைக்குப் போனேன். அக்கா ஜன்னலோரம் இடது கையால் வரைந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் குச்சி வலது கைக்கு மாறியது, தாள் கவிழ்ந்தது. எனக்குக் கையா பெரிதாகப் பட்டது? தாளைக் கவிழ்த்ததுதான் பட்டது. வேறு கடைக்குத் திருட்டுத்தனமாக வரைகிறாரோ என்று அன்றைக்கு முளைத்த சந்தேகத்தை யாரிடமும் சொல்லாமல் நானே தண்ணீர் ஊற்றி வளர்த்தேன்.

கொஞ்ச நாளில் காந்தி பஜார் சுவரில் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர். திண்டிவனத்தில் எங்கேயோ அடித்தது, எழுத்து எங்கள் கோட்டை எழுத்து. சாவு போஸ்டரில் ஏறிய எழுத்தை இனி எந்தக் கல்யாண வீட்டுக்காரன் தொடுவான்? அண்ணன் அக்காவை அந்தச் சுவருக்கே அழைத்துப் போனார். நானும் போனேன். வேடிக்கை பார்க்க ஆள் சேர்ந்தது, அதில் எங்களிடம் பத்திரிகை அடித்த வீட்டார்களும் இருந்தார்கள்.

“யாராண்ட குட்த்த?”

“நான் யாருக்கும் குடுக்கலண்ணே.” அக்கா போஸ்டரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, “புள்ளியப் பாருங்கண்ணே” என்றார்.

அண்ணன் பார்த்தார். “புள்ளி இருக்குது. அதுக்கு இன்னா?”

அக்கா சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை. அண்ணன் கூப்பிட்டனுப்பவும் இல்லை.

பிரியாணிப் பலகையில் மூன்று புள்ளிகள். மூன்றும் இடது பக்கம் சாய்ந்திருந்தன. பொட்டலத்தோடு கொடுத்த மரக் கரண்டியைக் குழம்பில் தோய்த்து, சுற்றியிருந்த தாளில் ஓர் அழுத்து அழுத்தினேன். வலது பக்கம் சாய்ந்தது. எத்தனை முறை அழுத்தியும் அப்படியேதான். கரண்டியை இடது கைக்கு மாற்றினேன். பலகையில் இருப்பதைப் போலவே விழுந்தது. கல்லாக்காரர் என்னைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா அன்று விழுங்கியது இதைத்தான். போஸ்டரில் இருப்பது எங்கள் பத்திரிகையைப் பார்த்து எவனோ வலது கையால் வரைந்த எழுத்து என்று சொல்ல, தன் எழுத்து இடது கை எழுத்து என்று முதலில் சொல்லியாக வேண்டும். வெற்றிலை பாக்கைக்கூட இடது கையால் வாங்காத ஊர். பெண், மாப்பிள்ளை பெயர்களை இடது கையால் எழுதினாள் என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்திருந்தால், பத்திரிகை அடித்த வீடுகளில் அப்புறம் எது நடந்தாலும் பழி அந்தக் கையின் மேல்தான் விழுந்திருக்கும். எழுத்தோடு பழகிய எங்கள் இரண்டு பேருக்காவது புள்ளி போதும் என்று நினைத்திருப்பார்.

ஆனாலும் என் சந்தேகப் புத்தி எங்கே போகும்? நேரே காந்தி பஜாருக்கு நடந்தேன். சுவர் இல்லை, அங்கே செல்போன் கடை வந்திருக்கிறது. கண்ணீர் அஞ்சலியெல்லாம் இப்போது பிளெக்ஸில், எல்லாம் ஒரே உருண்டை எழுத்து. கோதண்டம் அண்ணனும் இல்லை. போஸ்டர் முன்னால் அன்றைக்கு அவ்வளவு நேரம் நின்றேன். இறந்தவர் போட்டிருந்த சட்டைகூட ஞாபகம் இருக்கிறது. புள்ளி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பது மட்டும் ஞாபகம் இல்லை.