கண் உருட்டிய கிளாத்தி

எங்கள் வீடு ஆரணியில். கணவர் பட்டு நெய்கிறார். கொழுந்தனார் ஆசைப்பட்டு ஒரு கடல்மீன் தொட்டி வாங்கி, பூஜை அறைக்கு எதிரே வைத்திருந்தார். அதில் கட்டைவிரல் அளவில் ஒரே ஒரு கிளாத்தி மீன். சபரிமலைக்குப் போகும்போது, "அண்ணி, பத்திரமா பாத்துக்கங்க" என்று என்னிடம் ஒப்படைத்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கு ஏற்றப் போனேன். பச்சையாக இருந்த மீன் வெளுத்துப்போய், பாசியைக் கடித்தபடி தலைகீழாகத் தொங்கியது. கண்ணாடியைத் தட்டினேன். அசையவில்லை.

"மீனு செத்துடுச்சிங்க."

"செத்தா மெதக்கும்டி. எல்லாத்துக்கும் உனக்கு ஜல்திதான்" என்றார் கணவர், தறியை விட்டு எழாமலே.

பிணத்தை எதிரே வைத்துக்கொண்டு விளக்கு ஏற்றலாமா? வாழையடியில் குழி தோண்டிவிட்டு வந்து, மீனை இரண்டு விரலால் எடுத்துப்போனேன். உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருந்தது. குழிக்குள் விடக் குனிந்தேன். அதன் முதுகிலிருந்து ஒரு முள் மெல்ல எழுந்து நின்றது. பிறகு ஒரு கண் மட்டும் தனியாக உருண்டு என்னைப் பார்த்தது. மற்றொரு கண் குழியையே பார்த்துக்கொண்டிருந்தது.

"முருகா!" என்று உள்ளே ஓடினேன். தண்ணீரில் விட்டதும் அடியில் போய்க் கிடந்தது. கும்பிட்டபடியே நின்றேன். வெகுநேரம் கழித்து எழும்பி, அதே பாசியைக் கடித்துக்கொண்டது. அப்புறம்தான் விளக்கு ஏற்றினேன்.

மலையிலிருந்து வந்த கொழுந்தனார், "தண்ணி இழுத்துகினு போகாம இருக்க, அது பாசியக் கடிச்சிகினுதான் தூங்கும் அண்ணி" என்றார்.

சாமிக்குத் தீட்டு ஆகக்கூடாது என்றுதான் அவசரப்பட்டேன். உயிரோடு புதைக்கப் பார்த்தவளின் விளக்கை அந்தச் சாமி எப்படி ஏற்றுக்கொண்டார் என்று இன்றும் தெரியவில்லை.