ஆத்தா நீளத்துக்குக் கோதுமை

எங்கள் பக்கம் கோதுமை விளையாது. இளையாத்தங்குடி வட்டாரத்தில் கண்மாய்த் தண்ணீர் இருந்தால் நெல், மேட்டில் கேழ்வரகு, அவ்வளவுதான். ரேஷனில் போட்ட கோதுமையை என்ன செய்வதென்று தெரியாமல் கோழிக்கு இறைத்துக்கொண்டிருந்த காலம், அறுபதுகளின் கடைசி. ஆனால் என் ஆத்தா பழனி மலைக்காரி. கல்யாணமாகி வந்தபோது மடியில் முடிந்துகொண்டு வந்த சம்பாக் கோதுமையை, வருஷம் தவறாமல் கிணற்றடியில் இரண்டு பாத்தி போடுவாள். மார்கழிப் பனியை நம்பித்தான் அந்தப் பயிர். உமி லேசில் விடாது, உரலில் இடித்துத்தான் எடுக்க வேண்டும். பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சலில் கிடந்தவனுக்கும் எங்கள் வீட்டிலிருந்துதான் கோதுமைக் கஞ்சி போகும்.

விதைக்கு எடுக்கும்போது ஆத்தா பெரிய கதிராகப் பார்த்துப் பொறுக்கமாட்டாள். கறுப்பு மீசை, வெள்ளை மீசை, நெட்டை, குட்டை, முந்திப் பழுத்தது, பிந்திப் பழுத்தது என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் உருவி ஒரே கலயத்தில் போடுவாள். எனக்கு அது அரைகுறை வேலையாகத்தான் பட்டது. திருப்பத்தூரில் என் வீட்டுக்காரர் வேலை பார்த்த விவசாயப் பண்ணை அதிகாரி, பேச்சுவாக்கில் இதைக் கேட்டுவிட்டு, ஒரு பிடி விதை கிடைக்குமா என்றார். வடக்கே புதுக் குட்டைக் கோதுமை வந்துவிட்டதாம். வயல் முழுக்க ஒரே சாயல், ஒரு நோய் வந்தால் அத்தனையும் ஒன்றாகப் போய்விடும், இப்படிக் கலந்து கிடக்கும் விதையில்தான் தாங்கி நிற்பது ஏதாவது இருக்கும் என்றார். ஆத்தாவிடம் சொன்னேன். அடுத்த அறுப்பில் தருகிறேன் என்றவள், என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"எனக்குப் பெறகு நீ போட்டுக்கிட்டு வா. ஒந் தம்பி மறந்துருவான்."

அந்தக் கார்த்திகையில், பாத்தி கொத்துவதற்கு முன்பே ஆத்தா போய்விட்டாள். பால் தெளிக்கப் போகும் ஆண்கள், புதைத்த குழிமேட்டில் நவதானியம் விதைப்பது வழக்கம். கடையில் வாங்கி வந்ததில் கோதுமை இல்லை. வீட்டிலிருந்த ரேஷன் கோதுமை வண்டு விழுந்து மாவாகிக் கிடந்தது. தம்பி, ஆத்தாவுக்கு ஆத்தாவின் கோதுமையே ஆகட்டும் என்று விதைக் கலயத்தைத் தூக்கிப்போய் மொத்தத்தையும் கவிழ்த்துவிட்டு வந்தான். பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. வெறுங்கலயம் திரும்பி வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. துக்க வீடு என்றும் பாராமல் அவனைக் கிழித்துவிட்டேன். மலையில் மாமா வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கேட்டால், அங்கே எல்லாரும் உருளைக்கிழங்குக்கு மாறியாகிவிட்டது, ஒரு மணி இல்லை.

குழிமேட்டில் முளைப்பதை ஆடுகள் மேய்ந்துவிடும். எப்போதும் நடப்பது அதுதான். தை மாதம் நான் ஊருக்குப் போனபோது தம்பி முகம் வெளுத்திருந்தது. சுடுகாட்டுப் பாதையையே விட்டுவிட்டு வயலுக்குச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தான்.

"ஆடு கிட்டப் போக மாட்டேங்குது அக்கா. ஆத்தா நீளத்துக்கு வளந்து நிக்கிது."

கண்மாய்க்கரையில் ஏறிப் பார்த்தேன். காய்ந்த பொட்டலில் ஓர் ஆள் படுத்திருக்கும் அளவுக்குப் பச்சை. கரையில் புளிய இலை ஒன்றுகூட அசையவில்லை. அது மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

சுடுகாட்டில் விளைந்தது எதுவும் வீடு சேரக் கூடாது என்பார்கள். அதை எடுத்தால் என் வாசல் மிதிக்காதே என்று தம்பி சொல்லிவிட்டான். சொல்லிவிட்டுப் போகட்டும், கதிர் உதிர்ந்தால் அந்த விதை உலகத்திலேயே இல்லை என்பது மட்டும்தான் எனக்குள் ஓடியது. பங்குனிப் பிறப்பில் மறுபடி வந்து, உச்சிப்பொழுதில் தனியாகப் போனேன்.

கைக்கு வந்ததைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். தலைமாட்டில் எட்டியதெல்லாம் கறுப்பு மீசை. வெள்ளை நடுவில் நின்றது. குட்டை அதற்கும் உள்ளே. எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுக்காவிட்டால் அது ஆத்தாவின் விதை இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஆத்தாவின் நெஞ்சு மேல் கால் வைத்தேன். அந்த வெயிலிலும் மண் சில்லென்று இருந்தது. குனிந்து பறிக்கப் பறிக்க, சொரசொரத்த மீசைகள் என் சேலையைப் பிடித்துப் பிடித்து விட்டன. போதும் விடு ஆத்தா என்று வாய்விட்டே சொன்னேன். அழுதேன். ஆனாலும் பச்சை மாறாத பிந்திப் பழுக்கும் கதிர்வரை தேடி எடுத்த பிறகுதான் இறங்கினேன்.

மடியோடு நேரே பஸ் ஏறிவிட்டேன். பாதியை அதிகாரி வாங்கிக்கொண்டார். மீதியை அடுத்த கார்த்திகையில் என் வீட்டுக் கொல்லையில் விதைத்தேன். அதுவரை தம்பி பேசவில்லை. மார்கழியில் ஒரு நாள் காலையில், சொல்லாமல் கொள்ளாமல் வந்து கொல்லைக் கதவண்டை நின்றான். பாத்திப் பக்கம் அவன் பார்க்கவேயில்லை.

"ஆத்தா வந்துருச்சா அக்கா?" என்று கேட்டான்.

"வந்துருச்சுடா" என்றேன்.