முகக்கவசத்தைக் கழற்றி எடுத்த படம்

சபையில் எழுந்து சாட்சி சொல்லும்படி எங்கள் பாஸ்டர் பலமுறை கேட்டிருக்கிறார். நான் எழுந்ததில்லை. பேசினால் என் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். மற்றவர்கள் சொல்வதைக் கேட்டு ஆமென் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். இப்போது எழுதுகிறேன். ஆண்டவர் எனக்குச் செய்ததை எனக்குள்ளேயே வைத்துக்கொள்ள மனம் கேட்கவில்லை.

என் பெயர் ரூபி. ஈப்போ, புந்தோங்கில் ஒரு மலிவுவிலை அடுக்குமாடி வீட்டில் என் கணவர் தேவராஜோடு இருக்கிறேன். நாங்கள் இருவரும் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். தோட்டத்தை விற்றபோது எங்கள் குடும்பங்கள் டவுனுக்கு வந்தன. அவர் பெக்டரி பஸ் ஓட்டுகிறார். நான் ஜப்பான்காரர்களுடைய பெக்டரி ஒன்றில், சின்னச் சின்ன மின்சாரப் பாகங்களைச் சரிபார்க்கும் வேலை செய்கிறேன்.

கல்யாணமாகி வெகுகாலம் எங்களுக்குப் பிள்ளை இல்லை. கோவிட் வந்து ஊரே அடைந்து கிடந்த நாளில்தான் நான் கர்ப்பமானேன். எட்டாம் மாதம். காலையில் வாய் கொப்பளித்தேன். தண்ணீர் வாயில் நிற்காமல் ஒழுகியது. கண்ணாடியைப் பார்த்தேன். முகத்தின் இடது பக்கம் செத்துப்போனதுபோல் தொங்கியது. முகவாதம் என்றார் டாக்டர். பெரும்பாலும் தானே சரியாகிவிடும், ஆனால் இரத்த அழுத்தம்தான் கவலையாக இருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். அங்கேயே எனக்கு வலிப்பு வந்தது. ஆப்பரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். ஆண் பிள்ளை. உயிர் இல்லை.

டாக்டர்களும் நர்ஸ்களும் எனக்காகப் போராடினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நான் நினைவு தெளிந்து கண் திறப்பதற்குள் பிள்ளையை அடக்கம் செய்தாகிவிட்டது. கூட்டம் சேரக் கூடாத காலம். என் கணவரும் பாஸ்டரும் மட்டும் போயிருக்கிறார்கள். பத்து மாதம் சுமக்கவேண்டிய பிள்ளையை எட்டு மாதம் சுமந்தேன். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை.

"நீ பிழைச்சு வந்தியே, அது போதும்" என்றார் என் கணவர். அதற்குப் பிறகு பிள்ளையைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் அவர் உடைந்துபோவாரோ என்று எனக்குப் பயம். சொன்னால் நான் உடைந்துபோவேனோ என்று அவருக்குப் பயம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, சாப்பிட்டாயா, கதவைப் பூட்டினாயா என்று மட்டும் பேசிக்கொண்டோம்.

எல்லோருக்கும் சரியாகும் முகவாதம் எனக்குச் சரியாகவில்லை. வாயின் ஓரம் கீழே இறங்கியபடியே நின்றுவிட்டது. இடது கண் முழுதாக மூடாது. காற்று பட்டாலும் வெளிச்சம் பட்டாலும் நீர் வடியும். நான் அழுகிறேனா, கண் தானாக வடிகிறதா என்று எனக்கே தெரியாத நாட்கள் உண்டு. கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வாரம் திரும்பி வரும்.

அப்போது எல்லோரும் முகக்கவசம் போட்டிருந்தார்கள். நானும் போட்டேன். பிறகு எல்லோரும் கழற்றினார்கள். நான் கழற்றவில்லை. பெக்டரியில், காய்கறி வாங்கும் பாசாரில், ஆராதனையில்கூட அதோடுதான் இருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் சுவரைப் பார்த்து உட்காருவேன். யாரோடும் படம் எடுத்துக்கொள்ளவில்லை.

வேலை முடிந்ததும் பெக்டரியில் ஜப்பானிய மொழி வகுப்பு நடத்தினார்கள். அடிப்படைத் தேர்வில் தேறுகிறவர்களை ஆபீஸ் வேலைக்கு எடுப்பதாகச் சொன்னார்கள். எங்கள் சபையைச் சேர்ந்த பரிமளா அக்கா அங்கேதான் வேலை செய்கிறார். அவர் என்னை இழுத்துக்கொண்டு போனார். எனக்குப் பிடித்துப்போனது. அந்த மொழியில் என் துக்கத்துக்கு எனக்கு வார்த்தை தெரியாது. அதுவே ஆறுதலாக இருந்தது.

டிசம்பர் தேர்வுக்குப் பதிவு தொடங்கியது. நானும் அக்காவும் கைப்பேசியில் ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு வந்தோம். கடைசியில் படம் கேட்டது. அண்மையில் எடுத்ததாக இருக்க வேண்டும். பின்னால் வெள்ளை. முகம் நேராக, முழுதாகத் தெரிய வேண்டும். முகக்கவசம் கூடாது. நிழல் விழக் கூடாது. இரண்டு கண்களும் திறந்திருக்க வேண்டும்.

"கல்யாணத்துல எடுத்தது இருக்குல்ல, அதைப் போடு லா" என்றார் அக்கா.

"பரீட்சை அன்னைக்கிப் படத்தையும் மூஞ்சியையும் ஒத்துப் பார்ப்பாங்களாம் அக்கா. வாத்தியார் சொன்னாரு" என்றேன். கைப்பேசியை மூடி வைத்துவிட்டேன்.

அன்று முதல் ஒரே ஜெபம்தான். ஆண்டவரே, என் முகத்தைத் திருப்பிக் கொடும். படம் எடுக்கும் வரைக்குமாவது கொடும். உபவாசம் இருந்தேன். பாஸ்டரிடம் எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொன்னேன். எனக்கு நம்பிக்கை இருந்தது. ஆண்டவர் நினைத்தால் ஒரு நொடி போதும் அல்லவா?

ஒரு சனிக்கிழமை ஷாப்பிங் மாலில் இருந்த படக் கடைக்குத் தனியாகப் போனேன். கவசத்தைக் கழற்றி, படம் எடுத்ததும் மாட்டிக்கொண்டேன். கடைக்காரர் கணினியில் என் படத்தைப் பார்த்தார். நல்ல மனிதர். "கவலைப்படாதீங்க அக்கா, சரி பண்ணிடலாம்" என்றார். என் வலது பக்கத்தை வெட்டி, திருப்பி, இடது பக்கத்தில் ஒட்டினார். கொஞ்சம் தேய்த்தார். திரையை என் பக்கம் திருப்பினார்.

என் பழைய முகம். வாய் நேராக இருந்தது. இரண்டு கண்களும் ஒரே அளவாக இருந்தன. பிள்ளை வயிற்றிலிருந்தபோது நான் இருந்த மாதிரியே இருந்தேன். அந்தக் கடையிலேயே அழுதேன். ஸ்தோத்திரம் ஆண்டவரே, கேட்டதைக் கொடுத்துவிட்டீர் என்றேன். பஸ்ஸில் வீடு வரும் வரைக்கும் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதைத்தான் அனுப்பினேன். சில நாளில் மின்னஞ்சல் வந்தது. படத்தில் திருத்தம் செய்யப்பட்டிருக்கிறது, ஏற்றுக்கொள்ள முடியாது, பதிவு முடிவதற்குள் வேறு படம் அனுப்பவும் என்று எழுதியிருந்தார்கள். அவர்கள் சட்டப்படி எழுதினார்கள். எனக்கு ஆண்டவரே எழுதியதுபோல் இருந்தது.

அன்று நான் ஜெபிக்கவில்லை. அவரோடு சண்டை போட்டேன். பிள்ளையை எடுத்துக்கொண்டீர், முகத்தையும் எடுத்துக்கொண்டீர், ஒரு பொய்ப் படத்தைக்கூட விட்டுவைக்க மாட்டீரா என்று கேட்டேன். சமையலறைத் தரையில் உட்கார்ந்து சத்தமாகவே கேட்டேன். ஷிப்ட் முடிந்து வந்த என் கணவர் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். எனக்குத் தெரியாது.

அவர் உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நாளைக்கி லீவு போடுறேன். ரெண்டு பேரும் போலாம்" என்றார்.

"எதுக்குங்க? எடுத்தாலும் இதே மூஞ்சிதானே."

"இதே மூஞ்சிதான். இருக்கட்டும். நான் கூட வாரேன்."

மறுநாள் பழைய டவுனில் ஒரு கடைக்கு அழைத்துப் போனார். கடைக்கார சீன அம்மா கவசம் கழற்றிய என் முகத்தைப் பார்த்து, ஸ்ட்ரோக்கா என்று மலாயில் நேராகக் கேட்டார். ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். என்ன வந்ததோ தெரியவில்லை, வயிற்றில் பிள்ளை இருக்கும்போது வந்தது, பிள்ளை தவறிவிட்டது என்று சொன்னேன். வெளி ஆளிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் நாற்காலியைக் காட்டினார்.

முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி உட்கார்ந்தேன். என் கழுத்து தானாக இடது பக்கம் திரும்பியது. நல்ல பக்கத்தை மட்டும் காட்டியே பழகிப்போயிருந்தேன். நேராகப் பார் என்றார் அந்த அம்மா. பார்த்தேன். விளக்கு வெளிச்சம் பட்டதும் இடது கண்ணில் நீர் இறங்கியது. கன்னத்தில் பளபளவென்று தெரிந்தது. துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். மறுபடி இறங்கியது. மறுபடியும்.

"மன்னிச்சிருங்க, முடியல, வேணாம்" என்று எழுந்தேன்.

"தாப்பா லா, உட்காரு" என்றார் அந்த அம்மா. பரவாயில்லை என்று அர்த்தம்.

என் கணவர் கேமராவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கையில் டிஷ்யூ. ஒவ்வொரு தடவையும் குனிந்து என் கண்ணைத் துடைத்தார். கன்னத்தைத் துடைத்தார். வாயின் ஓரத்தைத் துடைத்தார். பிள்ளை போனதிலிருந்து அவர் என் முகத்தைத் தொட்டதில்லை. நானும் தொட விட்டதில்லை.

அப்போது என் ஜெபம் தானாக மாறியது. நான் யோசித்து மாற்றவில்லை. ஆண்டவரே, நேராக்க வேண்டாம். இந்த முகத்தோடு என்னைக் கொஞ்ச நேரம் இங்கே உட்கார வையும், போதும் என்று மனதுக்குள் சொன்னேன்.

என் கணவர் துடைத்துவிட்டு விலகினார். நான் நேராகப் பார்த்தேன். கண் காய்ந்திருந்தது. விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது, வெளிச்சம் பட்டுக்கொண்டுதான் இருந்தது. நீர் வரவில்லை. அந்த அம்மா எடுத்தார். "சுடா" என்றார். ஆயிற்று என்று அர்த்தம். அவர் அப்படிச் சொன்ன பிறகுதான் கண் மறுபடி வடிந்தது. இதைச் சின்ன விஷயம் என்று நீங்கள் நினைக்கலாம். அந்தக் கண்ணோடு வாழ்கிறவள் நான். அதை நிறுத்தியது யார் என்று எனக்குத் தெரியும்.

கடையை விட்டு வெளியே வந்து காரில் ஏறினோம். அவர் சாவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

"ரூபி, அவன் எப்படி இருந்தான்னு நீ கேக்கவே இல்லியே" என்றார்.

"யாரு மாதிரிங்க இருந்தான்?" என்றேன்.

அவர் கைப்பேசியை எடுத்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டாராம், ஒரு படம் எடுத்துக்கொள்கிறீர்களா என்று. எடுத்திருக்கிறார். எனக்குக் காட்டத் தைரியம் இல்லாமல் இத்தனை காலம் தனியாகப் பார்த்து அழுதிருக்கிறார்.

வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தார்கள். அடர்த்தியான புருவம். உதடு லேசாகத் திறந்திருந்தது. தூங்குகிற பிள்ளைதான். விரலால் பெரிதாக்கி அவன் நெற்றியைப் பார்த்தேன், காதைப் பார்த்தேன்.

"பாஸ்டர் பேரு கேட்டாரு. பேரில்லாம மண்ணுல வைக்க மனசு வரல. யோவேல்னு சொல்லிட்டேன். உன்னைக் கேக்காம வச்சிட்டேன், ரூபி."

"நல்ல பேருங்க" என்றேன். சாலையில் கார்கள் போய்க்கொண்டிருந்தன. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதோம். பிள்ளை செத்த அன்று அழவேண்டிய அழுகை அது.

புதிய படம் ஏற்கப்பட்டது. கோணல் வாயோடுதான் ஏற்கப்பட்டது. தேர்வு நாளில் மண்டபத்தில் கவசத்தைக் கழற்றினேன். மேற்பார்வை செய்த பெண் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையசைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். அவ்வளவுதான். வருடக்கணக்காக நான் பயந்தது அதற்குத்தான். தேர்வில் தேறினேன். ஆபீஸ் வேலை இன்னும் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

என் முகம் இன்றுவரை நேராகவில்லை. துக்கமும் போய்விடவில்லை. ஆனால் கவசத்தை விட்டுவிட்டேன். மாதம் ஒரு தடவை நானும் என் கணவரும் சுங்கை சிப்புட்டுக்குப் போய் மகனுடைய கல்லறையில் புல்லைப் பிடுங்குகிறோம். வீட்டில் அவனைப் பற்றிப் பேசுகிறோம். பேசும்போது சில நாள் சிரிக்கக்கூடச் செய்கிறோம்.

பிள்ளையைப் பறிகொடுத்த அம்மா யாராவது இதை வாசித்தால், அப்பா யாராவது வாசித்தால், உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அழகான வார்த்தைகளைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். கோபம் இருந்தால் கோபத்தோடே ஆண்டவரிடம் போங்கள். நான் தரையில் உட்கார்ந்து கத்தினேன். அவர் என்னைத் தள்ளிவிடவில்லை. நான் கேட்ட முகத்தை அவர் தரவில்லை. கேட்கத் தைரியமில்லாமல் இருந்த முகத்தைக் காட்டினார். உங்களுக்கு எதைத் தருவார் என்று எனக்குத் தெரியாது. வெறுங்கையோடு அனுப்ப மாட்டார் என்பது மட்டும் தெரியும். இன்றைக்கே கேளுங்கள்.