ஸக்கியா டீச்சரின் பகல் சோறு

ஸக்கியா டீச்சர் எம்.எட். படிக்கப் போனது ஒரு நேரச் சோற்றுக்காக. இதைச் சொன்னால் எங்கள் பாடசாலை ஆசிரியர் அறையில் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். வார இறுதிகளில் டீச்சரோடு ஒரே ஆட்டோவில் கண்டிக்குப் போய்ப் படித்து வந்தவள் நான். எனக்குத் தெரிந்ததை நான்தான் சொல்ல வேண்டும்.

டீச்சருக்கு வீடு பலாபத்வலயில். நாங்கள் இருவரும் படிப்பித்தது இறத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில். விடியச் சுபஹு தொழுத கையோடு வெளிக்கிட்டால்தான் முதல் மணிக்கு வந்து சேர முடியும். இரண்டு பஸ், பிறகு நடை. திரும்பி வீடு போகும்போது பின்னேர அஸர் தொழுகை நேரமும் கடந்திருக்கும். கணவர் பலீல் நானாவுக்குச் சந்தியில் மிளகு, கராம்பு வாங்கி விற்கும் சின்னக் கடை. பகலில் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, டீச்சர் விடியமுன் ஆக்கி மூடி வைத்த சோற்றைத் தனியாகச் சாப்பிடுவார். பிள்ளைகள் இல்லை.

மாத்தளை டவுனில் ஆசிரிய ஆலோசகர் வேலை ஒன்று கிடைத்தால் டீச்சர் பகலைக்கு வீட்டுக்கு வந்து போகலாம். எம்.எட். இருந்தால் நேர்முகத் தேர்வில் புள்ளி கூட. இதை விசாரித்துக்கொண்டு வந்தவரே பலீல் நானாதான். “நீ மாத்தளைக்கு வந்தா நாம ரெண்டு பேரும் ஒண்டா இருந்து பகல் சோறு திங்கலாம்” என்றாராம். டீச்சர் இதை என்னிடம் சொல்லும்போது வெட்கப்பட்டார். நாற்பது வயதில் அந்த வெட்கம் அவருக்கு அழகாக இருந்தது.

சனிக்கிழமை காலையில் நானா ஆட்டோவை எடுப்பார். நான் வழியில் ஏறிக்கொள்வேன். நாங்கள் விரிவுரையில் இருக்க, அவர் பின் சீட்டில் காலை மடக்கிப் படுத்துத் தூங்குவார். திரும்பி வரும்போது அக்குறணை நெரிசலைத் தாண்டியதும் கேள்வி வரும்.

“இண்டைக்கி என்ன செல்லித் தந்தாங்க?”

இஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்தி, டீச்சர் அன்றைய பாடம் முழுவதையும் சொல்லுவார். டீச்சர் படித்ததே அப்படித்தான். வீட்டில் குறிப்பைத் திரும்பப் பார்க்க நேரமில்லை. நானாவுக்குச் சொன்னதுதான் மனதில் நின்றது. அவர் சும்மா கேட்டுக்கொண்டு வருகிற ஆளுமில்லை.

“இவ்வளவு பெரிய ஆக்கள் சேர்ந்து ஆராய்ச்சி பண்ணி, புள்ளைக்கி அடிக்கக் கூடாதுண்டா செல்லீக்கிறாங்க? ஏன்ட உம்மாட்ட கேட்டீந்தா அடிக்கணும்ண்டு செல்லீப்பாவே.”

டீச்சர் முன் சீட்டை எட்டி அவர் தோளில் தட்டுவார். நான் சிரிப்பை அடக்க வெளியே பார்ப்பேன்.

கடைசிப் பாடப் பரீட்சை மட்டும் பாக்கி இருந்தபோது பலீல் நானா மௌத்தானார். கடையில் மிளகு மூட்டையைத் தூக்கியவர் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாராம். டீச்சர் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருக்கும்போதுதான் செய்தி வந்தது. இரண்டு பஸ்ஸிலும் நான் கூடவே போனேன். நாங்கள் போகும்போது எல்லாம் முடிந்திருந்தது. அன்று மாலையே ஜனாஸாவை அடக்கினார்கள்.

டீச்சர் இத்தாவில் இருந்தார். கணவனை இழந்த முஸ்லிம் பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து, வெளியில் போகாமல், அந்நிய ஆண்களைப் பார்க்காமல் வீட்டில் இருக்கிற காலம் அது. அரசாங்கமும் அதற்குச் சம்பளத்தோடு லீவு கொடுக்கிறது. பரீட்சை அந்தக் காலத்துக்குள்ளேதான் வந்தது. விட்டால் அடுத்த தடவை எப்போதென்று யாருக்கும் தெரியாது. நான் குறிப்புகளைக் கொண்டுபோய்க் கட்டிலில் வைத்தேன். டீச்சர் அவற்றைத் தொடவில்லை. “இனி யாருக்கு நிரஞ்சனி?” என்றார்.

ஜனாஸாவுக்கு வந்து டீச்சரோடேயே தங்கிவிட்ட மாமியார், பலீல் நானாவின் உம்மா, விடமாட்டார் என்றுதான் நினைத்தேன். அவர்தான் என்னைக் குசினிக்குக் கூப்பிட்டுப் பரீட்சை எப்போது என்று கேட்டார். இளைய மகன் அக்ரமைப் பள்ளிவாசலுக்கு அனுப்பினார். தேவை என்றால் பகலில் போகலாம், இரவுக்குள் வீடு திரும்ப வேண்டும் என்று மௌலவி சொல்லி அனுப்பினார். அக்ரமுக்கு அப்போதும் மனமில்லை.

“ஊரு என்னெண்டு கதைக்கும் உம்மா?”

“ஏன்ட மகன் ரெண்டு வருஷமா பெட்ரோல் அடிச்சது ஊரு கதைக்கவா? ஆட்டோவ எடு.”

அதன் பிறகுதான் அந்தத் திரை வந்தது. கொழுந்தன் ஓட்ட, இத்தாவில் இருக்கிறவர் பின்னால் இருப்பது சரியில்லை என்று மாமி ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவே கட்டினார். இரண்டு பக்கமும் ரெக்சீனை இறக்கினார். நல்ல வெயில். மழைக்கு இறக்குகிற ரெக்சீனை வெயிலில் இறக்கிக்கொண்டு, நடுவில் வெள்ளைத் திரையுமாகப் பலீல் நானாவின் ஆட்டோ சந்தியைக் கடந்தது. யாரும் பார்க்கக் கூடாது என்று கட்டிய திரையைப் பலாபத்வல முழுக்கப் பார்த்தது. உள்ளே மாமிக்கும் எனக்கும் நடுவில் டீச்சர் வியர்த்துக்கொண்டிருந்தார். திரைதான் எங்களைக் காட்டிக்கொடுக்கும் என்று எனக்கும் அப்போது தோன்றவில்லை.

டீச்சரும் நானும் பரீட்சை எழுதினோம். திரும்பி வரும்போது அக்குறணையைத் தாண்டினோம். அக்ரம் வாய் திறக்கவில்லை. டீச்சர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அலவத்துகொடையும் போனது.

“ஒருத்தரும் கேக்கல்லயே நிரஞ்சனி” என்றார்.

மாமி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

பெறுபேறு வந்தது. இரண்டு பேரும் பரீட்சையில் சித்தி. இத்தா முடிந்து டீச்சர் பாடசாலைக்கு வந்த பிறகு, ஆசிரிய ஆலோசகர் பதவிக்கு விண்ணப்பம் கோரினார்கள். டீச்சர் போட்டார். கூடவே அவருக்கு எதிராக ஒரு பெட்டிசமும் போயிருந்தது. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு வாழ்த்து எழுதுகிறவர்களை விடப் பெட்டிசம் எழுதுகிறவர்கள் அதிகம். இத்தா லீவில் சம்பளமும் எடுத்துக்கொண்டு, திரை கட்டிய ஆட்டோவில் ஊர் சுற்றினார் என்று எழுதியிருந்தார்கள். கையொப்பம், ‘நலன் விரும்பிகள்’. யார் என்று எனக்கு ஒரு யோசனை இருக்கிறது. நிரூபிக்க முடியாததால் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அந்தக் கை விளங்காமல் போகட்டும் என்று மனதுக்குள் சபித்திருக்கிறேன். அதற்காக வருத்தமும் இல்லை.

கல்விக் காரியாலயத்தில் நடந்த விசாரணைக்கு நானும் சாட்சியாகப் போனேன். அதிகாரி கெட்ட மனிதரல்ல. கேட்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது.

“டீச்சர், எனக்கும் வேற வழியில்லைங்க. நீங்க இத்தா இருந்தீங்களா, இல்லையா?”

டீச்சர் ஆமென்று தலையாட்டினார்.

“அன்னைக்கு வண்டியில யாரோட போனீங்க? வழமையா ஒங்கள கொண்டுபோறவர்தானா?”

“வழமையா கொண்டுபோறவர் மௌத்து சேர். அதுக்குத்தான் லீவு.”

அதிகாரி பேனையைக் கீழே வைத்துவிட்டார். பள்ளிவாசலில் இருந்து ஒரு கடிதம் மட்டும் கொண்டுவரச் சொன்னார். கணவனுக்காகத் துக்கம் இருந்தாள் என்று ஒரு பெண் அத்தாட்சிக் கடிதம் கொடுக்க வேண்டியிருந்தது. டீச்சர் கொடுத்தார். குற்றமில்லை என்று பதில் வரும்போது நேர்முகத் தேர்வு முடிந்து, வேறொருவர் அந்தக் கதிரையில் இருந்தார்.

மறு வருடம் இன்னோர் இடம் காலியானது. இம்முறை டீச்சருக்குக் கிடைத்தது. நான் இன்னும் தோட்டப் பாடசாலையில்தான் இருக்கிறேன். போன மாதம் ஒரு வேலையாக மாத்தளைக்குப் போனவள் டீச்சரின் காரியாலயத்துக்கும் போனேன். பகல் நேரம். மற்றவர்கள் வெளியே போயிருந்தார்கள். டீச்சர் மேசையில் சோறு சுற்றிய லஞ்ச் சீட் தாளை விரித்துச் சோறு தின்றுகொண்டிருந்தார். வீட்டில் ஆக்கிக் கட்டிக்கொண்டு வந்த சோறு. மாமியை அக்ரம் உக்குவளையில் இருக்கிற தன் வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார் என்று சொன்னார்.

“வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாமே டீச்சர்? பஸ்ஸில ஏறினா கொஞ்ச நேரந்தானே?”

“மொத நாள் போனேன். சோறு போட்டுட்டு, கடையப் பூட்டிட்டு வருவார்ண்டு பாத்துக்கொண்டே இருந்துட்டேன். அப்படியே மூடி வெச்சிட்டு வந்தேன்.”

என்னை உட்காரச் சொல்லி, சோற்றில் பாதியைப் பிரித்து என் பக்கம் தள்ளினார். நான் கை கழுவிக்கொண்டு வந்து அவரோடு இருந்து சாப்பிட்டேன்.