எழுப்பிவிட்டவளின் பங்கு

அவர் ரயில் ஓட்டினார். அவள் அவரை எழுப்பிவிட்டாள். முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தை இதற்குமேல் சுருக்க முடியாது.

எழுப்புவதென்றால் லேசுப்பட்ட வேலையில்லை. அந்த மனிதர் படுத்தால் கட்டை. அலாரம் அடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து திட்டுவார்; இவர் புரண்டுகூடப் படுக்கமாட்டார். ஷிப்டோ வாரத்துக்கு வாரம் மாறும். அவள் தையல் மெஷினை மூடிவிட்டுக் கோழித்தூக்கம் போட்டு, நேரத்துக்கு எழுந்து, கூப்பிட்டுப் பார்த்து, உலுக்கிப் பார்த்து, கடைசியில் முகத்தில் தண்ணீர் தெளித்து அனுப்பிவைப்பாள். ஒருநாளும் தாமதமாக வராதவர் என்று அவருக்குக் கேடயம் கொடுத்தார்கள். மேடையில் அவர் மேலதிகாரிகளுக்கெல்லாம் நன்றி சொன்னார். அவளும் சேர்ந்து கை தட்டினாள்.

ரிட்டயர் ஆனபிறகுதான் இருவருக்கும் பேசிக்கொள்ள ஒன்றுமில்லை என்பது வெட்டவெளிச்சமாயிற்று. கொஞ்சகாலம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்துவிட்டு, பிரிந்துவிடலாம் என்று அமைதியாகவே முடிவெடுத்தார்கள். அவர் ஒரு வாடகை அறைக்குப் போனார். பங்கு பிரிக்கும்போதுதான் சண்டை வந்தது.

"வீட்டை நீயே வெச்சுக்கோ. பென்ஷன் பக்கம் மட்டும் வராதே. அது நான் ராப்பகலா உழைச்சது" என்றார்.

மகளுக்கு வாயெல்லாம் பல். "முழு வீடும்மா! பேசாம வாங்கிக்கோ."

"சுவரைச் சுரண்டியா சாப்பிடறது? கூரை ஒழுகுது. அதைச் சரிபண்ணவே என் தையல் காசு பத்தாது. இந்தக் கண்ணு இன்னும் எத்தனை நாளைக்கு ஊசியில நூல் கோக்கும்? வீட்டை வித்து ஆளுக்குப் பாதி. பென்ஷன்லயும் பாதி. நான் எழுப்பலேன்னா அவருக்கு ஏது வேலை, ஏது பென்ஷன்?"

இதை மகள் போய்ச் சொன்னதும் அவர் விழுந்து விழுந்து சிரித்தாராம். "எழுப்பினதுக்கெல்லாமா பங்கு?" அந்தச் சிரிப்பைக் கேள்விப்பட்டு அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சமரச மையத்துக்குக் காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அன்று விடிந்ததும் அவரை எழுப்ப அவள் கை தானாகப் போனை எடுத்தது. பழக்கதோஷம். பாவம் மனுஷன் என்று மனசு அடித்துக்கொண்டது உண்மை. ஆனாலும் போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

ஒன்பதாயிற்று, பத்தாயிற்று. பதினொன்றுக்கு வந்து சேர்ந்தார் அவர், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, கன்னத்தில் தலையணைத் தடத்தோடு.

"தூங்கிட்டேம்மா" என்றார், நடுவில் உட்கார்ந்திருந்த சமரச அதிகாரியிடம்.

"சர்வீஸ் பூரா லேட்டே ஆனதில்லைன்னு மனுவுல எழுதியிருக்கீங்களே?" அந்த அம்மாள் சாதாரணமாகத்தான் கேட்டார்.

 அவர் மனைவியைப் பார்த்தார். அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"பாதின்னு எழுதிடுங்க" என்றார் கடைசியில். "வீட்டுலயும், பென்ஷன்லயும். அது அவளுக்குச் சேர வேண்டியதுதான்."

பணம் வந்ததைவிட, அவர் வாயால் அந்த வார்த்தை வந்தது அவளுக்குப் பெரிதாக இருந்தது.

வெளியே படியிறங்கும்போது அவர் தலையைச் சொறிந்தார். "அடுத்த வாரம் கையெழுத்துப் போட வரணும். அதுவும் ஒன்பது மணிக்காம். விடாம போன் போட்டு எழுப்பிவிடறியா?"

"அந்தப் பாதி இதுவரைக்கும் எழுப்பினதுக்கு" என்றாள் அவள். "இனிமே எழுந்திருக்கறது உங்க பாடு."