சாவி கொடுப்பதற்கு முன்

அந்தக் கார் பட்டறையில் அவருக்கு ‘டொக்கு வைத்தியர்’ என்று பெயர். காரின் எந்த மூலையில் தகரம் நெளிந்து டொக்கு விழுந்திருந்தாலும் உள்பக்கம் கையை விட்டு நீவிப் பார்ப்பார். பிறகு சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி எடுத்துவிடுவார். அடிபட்ட இடம் எது என்று காரின் சொந்தக்காரரே தேட வேண்டும். சும்மா சொல்லக் கூடாது, வேலையில் மனிதர் கில்லாடி. காலமெல்லாம் தகரச் சத்தத்தில் கிடந்ததால் மெதுவாகப் பேச மட்டும் வராது. இவர் தண்ணீர் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரி சொம்போடு வருவாள் என்று மனைவி கேலி செய்வாள்.

அதே கைக்கு இன்னொரு வேலையும் தெரியும். அதைப் பற்றி வீட்டில் மூச்சு விட்டதில்லை.

இன்ஷூரன்ஸில் சரிசெய்யும் கார் வந்தால், சேதத்தைப் பார்க்கக் கம்பெனியிலிருந்து சர்வேயர் வருவார். அவர் வருவதற்கு முன்னால் முதலாளி மோவாயைச் சொறிந்துகொண்டே, “வைத்தியரே, லேசா மேக்கப் போட்டுடுங்க” என்பார். மேக்கப் என்றால் வேறொன்றுமில்லை, கம்பெனியிடம் கூடப் பணம் கறக்க நல்ல கதவையும் நெளித்து வைப்பது. ரப்பர் சுத்தியலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு நாலு போடு போட்டால் தீர்ந்தது. கீறல் பம்பரோடு வந்த கார், ஏதோ பெரிய விபத்தில் பிழைத்து வந்த மாதிரி நிற்கும். “இவ்வளவு பெரிய கம்பெனி, இதுலயா முழுகிடப் போகுது?” என்பார் முதலாளி. வைத்தியரும் அதையே மனசுக்குள் சொல்லிக்கொள்வார். சொன்னால்தானே சுத்தியல் தூக்க முடியும்!

அப்படித்தான் பாட்டு டீச்சரின் வெள்ளைக் காரும் வந்தது. பின்னால் எடுக்கும்போது கேட்டுத் தூணில் பம்பரைத் தேய்த்துவிட்டார், பாவம். முதலாளி நீட்டிய கிளெய்ம் பாரத்தில் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. “கையெழுத்து மட்டும் போடுங்கம்மா, மத்ததை நாங்க பாத்துக்கறோம்” என்றதும் டீச்சர் போட்டுவிட்டார். போகும்போது வைத்தியரிடம் வந்து சாவியைக் கொடுத்தார்.

“அண்ணே, எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது. உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்.”

“கவலைப்படாம போங்கம்மா” என்று சொல்லிவிட்டு, அன்று மத்தியானமே அவருடைய காரின் முன்கதவில் நாலு போடு போட்டார்.

வந்த சர்வேயர் புதியவர், எமகாதகர். பின்னால் எடுத்து இடித்த காருக்கு முன்கதவில் எப்படி அடி? அதுவும் சுத்தியல் பட்ட மாதிரி உருண்டை உருண்டையாக? பத்து நாளில் டீச்சருக்குக் கடிதம் வந்துவிட்டது. பொய்யான சேதம் காட்டியதால் பணம் கிடையாது, பாலிசியும் ரத்து. டீச்சர் பட்டறைக்கு ஓடிவந்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

“நான் எதையாவது தப்பாச் சொல்லிட்டேனா அண்ணே? பள்ளிக்கூடம் வரைக்கும் விசாரிச்சுட்டாங்க. எல்லாரும் என்னை ஒரு மாதிரி பாக்கறாங்க.”

வைத்தியர் வாயைத் திறப்பதற்குள் முதலாளி முந்திக்கொண்டார். “வண்டி வரும்போதே அப்படித்தாம்மா இருந்துச்சு. நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க.”

டீச்சர் திரும்பி வைத்தியரைப் பார்த்தார். இவர் குனிந்து ஸ்பானரைத் தேடினார். ஸ்பானர் கையில்தான் இருந்தது.

நம்பி வந்தவர் தலையில் மிளகாய் அரைத்துவிட்டோமே என்று நெஞ்சு குறுகுறுத்துக்கொண்டே இருந்தது. ஆனால் சொன்னால் வேலை போகும், மகள் முன்னால் மானம் போகும். பயந்து பயந்து நாளைத் தள்ளினார்.

அந்தச் சமயம் பார்த்து மகள் ஒரு பழைய நீலக் கார் வாங்கினாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிற பெண். சொந்தச் சம்பாத்தியம், முதல் கார். இரவுச் சாப்பாட்டின்போது வைத்தியருக்குப் பெருமை தாங்கவில்லை. உபதேசம் ஆரம்பமாகிவிட்டது.

“எங்கயாவது இடிச்சுட்டா, ‘நல்ல பட்டறை இருக்கு, வாங்க’ன்னு எவனாவது கூப்பிடுவான். போயிடாத. முதல்ல கம்பெனிக்கு போன் போடு. வெத்து பாரத்துல மட்டும் கையெழுத்தே போடக் கூடாது, என்ன? அப்புறம் சாவி குடுக்கறதுக்கு முன்னாடி வண்டியை நாலு பக்கமும் போட்டோ எடுத்து வெச்சுக்கோ. புதுசு மாத்தினேன்னு சொன்னா, பழைய பம்பர் எங்கன்னு கேளு.”

“பட்டறைக்காரர் தெரிஞ்சவரா இருந்தா?”

“யாரா இருந்தாலும்!”

மகள் சிரித்தாள். “அடேங்கப்பா, இவ்வளவு விவரமா! உங்க பட்டறைக்கு வர்றவங்க குடுத்து வெச்சவங்கப்பா. அவங்ககிட்டயும் இதெல்லாம் சொல்லித்தான அனுப்புவீங்க?”

வைத்தியரின் முகத்தில் ஈயாடவில்லை. மனைவி வைத்த தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தார். பிறகு வாழ்க்கையில் முதல் முறையாக மெதுவான குரலில் பேசினார். மேக்கப், சாக்கு சுற்றிய சுத்தியல், டீச்சர், தேடிய ஸ்பானர், எல்லாம். மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். மகள் எழுந்தாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

மறுநாள் அவர் பட்டறைக்குப் போகவில்லை. டீச்சர் வீட்டுக்குப் போய் அவரைக் கூட்டிக்கொண்டு கம்பெனி அலுவலகத்துக்குப் போனார். சர்வேயர் முன்னால் நின்று, “கதவை அடிச்சது நான்தாங்க. இந்தம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது” என்றார். எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். டீச்சருக்குப் பாலிசி திரும்பக் கிடைத்தது. பள்ளிக்கூடத்துக்கும் கம்பெனி எழுதிவிட்டது. அலுவலக வாசலில் டீச்சர் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“அன்னிக்கு நான் அழுதேனே, அப்பவாவது சொல்லியிருக்கக் கூடாதா?”

இப்போது ‘அண்ணே’ இல்லை. அதை வைத்தியர் கவனித்தார்.

போலீஸ் விசாரணை, அபராதம் என்று அலைந்தார். வேலையும் போனது. கடைசியில் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை போட்டுக்கொண்டு, வருகிற டொக்கை மட்டும் எடுத்தார். வருகிறவர்களிடம் சாவி வாங்குவதற்கு முன், “போட்டோ எடுத்துக்கோங்க” என்று இவரே கத்துவார். சிலர் இது என்ன கிறுக்கு என்று பார்ப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளின் நீலக் கார் கொட்டகை வாசலில் வந்து நின்றது. லாரி உரசி, பின்கதவு உள்வாங்கியிருந்தது. வைத்தியருக்கு ஒரே சந்தோஷம். அந்த இரவுக்குப் பிறகு மகள் அவரிடம் ஒன்றைக் கேட்டு வந்தது இதுதான் முதல் முறை. சாவிக்குக் கையை நீட்டினார்.

மகள் சாவியைக் கொடுக்கவில்லை. போனை எடுத்தாள். முன்பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று காரைச் சுற்றி வந்து படம் எடுத்தாள். பின்பக்கம் வந்தபோது அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“நீங்கதானப்பா சொன்னீங்க, யாரா இருந்தாலும்னு.”

“ஆமாம்மா” என்றார். பிறகு உள்ளே போய் ஈரத்துணி எடுத்து வந்து, படம் தெளிவாக விழட்டும் என்று கதவில் இருந்த சேற்றைத் துடைத்துக் கொடுத்தார்.